புள்ளி விழாத சீட்டு

போன கிழமை ஒரு மருந்துக்கடையில் நின்றபோது தட்டிக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கிர்ர்ரிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கிர்ர்ரிக். காகிதத்தின் மேல் ஊசிகள் ஓடுகிற சத்தம். இந்தக் காலத்திலும் இதை வைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். பழுப்பேறிய ஒரு பிரிண்டர், ஓரங்களில் ஓட்டை போட்ட தாள், நாடாவிலிருந்து மை மணம். கடைப்பெண் சீட்டைக் கிழித்து நீட்டினாள். நான் மருந்தின் பெயரைப் பார்க்கவில்லை. எண்களுக்கு நடுவில் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. அப்பாடா என்றிருந்தது.

என்ன பைத்தியம் இது. இத்தனை வருடம் கழிந்தும் அச்சடித்த எண்ணைக் கண்டால் முதலில் புள்ளியைத் தேடுகிற கண். இந்தக் கண்ணுக்கு அதைப் பழக்கியது கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை.

உள்நாட்டுச் சண்டை நடந்த வருடங்கள். நான் வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் இருந்தேன். வடக்கிலிருந்து தலைநகருக்கு வந்தவர் யார், எதற்காக வந்தார், எத்தனை நாள் நிற்பார் என்று பொலிஸில் பதிய வேண்டும். என் பதிவுத்தாளில் காரணம் என்ற இடத்தில் படிப்பு என்று இருந்தது. காலி வீதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் கொம்பியூட்டர் வகுப்பு. பாண் வேகும் மணத்தில் பேசிக் என்ற மொழியைப் படித்தோம். எட்டுப் பேருக்கு மூன்று மெஷின். ஒருத்தர் தட்ட இரண்டு பேர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பிழை சொல்வார்கள். அந்த வகுப்பு முடிந்துவிட்டது. அதோடு என் காரணமும் முடிந்துவிட்டது.

சித்தப்பா அரசாங்க உத்தியோகம். பதிவில்லாத ஆளை வீட்டில் வைத்திருக்க அவரால் முடியாது. அதை அவர் சொல்லவில்லை. சித்திதான் பருப்புக் கழுவிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னா.

“பிள்ளை, மாதக் கடைசியோட உன்ர பதிவு முடியுது. வேலைக் கடிதம் ஒண்டு கொண்டு வந்தியெண்டா சித்தப்பா கொண்டுபோய்க் குடுப்பார். இல்லாட்டி...”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி என்ன, கொம்மாவிட்டப் போறதுதான்.”

அம்மாவிடம் போவதும் ஒரு தண்டனையா என்று யாரும் கேட்கலாம். அம்மாவை நினைத்து அழுத நாட்கள் எனக்கும் இருந்தன. ஆனால் எங்கள் ஊரில் மின்சாரம் போய் வருடக்கணக்காகியிருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் சொட்டு எண்ணெய் விட்டு விளக்கு எரித்தார்கள். நான் படித்து வந்ததை அங்கே எந்தச் சுவரில் செருகுவது? இப்போது திரும்பிப் போனால் இந்த விரல்கள் இனி ஒருபோதும் அந்தக் கொம்பியூட்டர் விசைகளைத் தொடாது என்று தெரிந்தது. போகமாட்டேன் என்று நினைத்தேன். சத்தம் போட்டு நினைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தேன்.

கண்ணாடிக் கடையில் அப்போது மூன்று மாதமாகப் பின்னேரங்களில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். முதலாளியின் தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த வியாபாரக் குடும்பம். அவர் யாரிடமோ ஒரு பழைய கொம்பியூட்டரும் பிரிண்டரும் வாங்கி வைத்திருந்தார். கண் பரிசோதித்த பிறகு இடது, வலது கண்ணுக்கான எண்களை நான் உள்ளே தட்ட, சீட்டு அச்சாகி வரும். அந்தச் சீட்டு மருதானையில் லென்ஸ் தீட்டுகிற பட்டறைக்குப் போகும். அந்தச் சீட்டை அச்சடிக்கும் புரோகிராம் நான் எழுதியது. என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் புரோகிராம். நாற்பது வரி. நாற்பதையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

கண்ணாடி எண்கள் கால் காலாக ஏறும். கால், அரை, முக்கால், ஒன்று. கிட்டப்பார்வை என்றால் மைனஸ், எட்டப்பார்வை என்றால் பிளஸ். பேசிக் மொழிக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. அரை என்று சொன்னால் புள்ளிக்கு முன்னால் பூச்சியம் போடாது. வெறும் .5 என்று எழுதும். இரண்டரையை 2.50 என்று நான் கொடுத்தாலும் கடைசிப் பூச்சியத்தை விழுங்கிவிட்டு 2.5 என்று துப்பும். எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. கணக்குச் சரிதானே.

பிறகு ஒரு கிழமை பிரிண்டரின் ஊசி ஒன்று செத்தது. ஒன்பது ஊசிகளில் மேலிருந்து ஏழாவது. எண்கள் எல்லாவற்றுக்கும் பாதம் போயிற்று. இரண்டும் ஐந்தும் கணுக்காலோடு நின்றன, பழகினால் வாசிக்கலாம். ஆனால் புள்ளிக்குப் பாதத்தைத் தவிர வேறு உடம்பு இல்லையே. அது முழுவதுமாகப் போயிற்று.

திங்கட்கிழமை தபால் கந்தோரில் வேலை செய்கிற ஒரு அன்ரி தன் புதுக் கண்ணாடியை எடுக்க வந்தா. அவவுக்கு இரண்டு கண்ணும் மைனஸ் அரை. கண்ணாடியைப் போட்டா. உடனே இரண்டு கையாலும் மேசையைப் பிடித்தா.

“முதலாளி, இவ்வளவு நேரமும் இஞ்ச இருந்த தரை எங்க?”

முதலாளி சிரித்தார். அவ சிரிக்கவில்லை. கண்ணாடியை வாங்கி அளந்து பார்த்த பிறகு முதலாளியும் சிரிக்கவில்லை. மைனஸ் ஐந்து. என் சீட்டில் மைனஸ் குறி, ஒரு வெளி, பிறகு ஒரு ஐந்து. புள்ளி விழவில்லை. முன்னால் பூச்சியமும் இல்லை. பட்டறைக்காரன் ஐந்தைப் பார்த்து ஐந்தைத் தீட்டியிருந்தான். அவனில் என்ன பிழை?

கோட்டைப் பகுதியில் பிரிண்டர் திருத்துகிற ஆள் ஊசித்தலையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இது சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும், ஆறு கிழமை ஆகும் என்றார். எனக்கு ஆறு கிழமை இல்லை. பத்து நாள்தான் இருந்தது.

“கார்பன் பேப்பரும் பேனாவும் இருவது வருஷம் ஒழுங்கா ஓடிச்சு. திரும்ப எடுத்துக்குவோமா?” என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் தாங்கோ, முதலாளி.”

“வெள்ளிக்கிழமை என்ன நடக்கும்?”

“தெரியாது.”

“தெரியாதுங்கறத இவ்வளவு தைரியமா சொல்ற ஆள இப்பத்தான் பாக்கறேன்.” மூக்கைத் தடவிக்கொண்டு யோசித்தார். “சரி. வெள்ளிக்கிழமை கடை மூடறதுக்குள்ள, சீட்டு வாசிக்க முடியுதுன்னு மருதானைக்காரன் கையெழுத்துப் போட்டுத் தரணும். நீ கேட்ட வேலைக் கடிதத்த டைப் பண்ணி வைக்கிறேன். அவன் போட்டா நானும் போடுவேன்.”

செவ்வாய்க்கிழமை மருதானைக்குப் போனேன். என் எண்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு இருட்டறை. பட்டியில் சுழலும் கல், சாம்பல் நிறத் தண்ணீர் நிறைந்த தொட்டி, ரேடியோவில் கிரிக்கெட். கைத்தொழில்காரரை அங்கே பாஸ் என்பார்கள். லென்ஸ் தீட்டுகிற அந்தப் பாஸுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். அவர் சீட்டைக் கையில் வைத்து வாசிப்பதில்லை. ஈரத்தொட்டியின் விளிம்பில் ஒட்டிவிடுவார். கல் சுழலச் சுழலச் சேறு சீட்டில் தெறிக்கும். ஊசி நல்லாயிருந்த காலத்திலும் என் புள்ளிகளுக்குப் பக்கத்தில் நூறு சேற்றுப் புள்ளிகள் விழுந்துதான் இருக்கின்றன.

“மேக்கே தித கோ, நங்கி?” இதில் புள்ளி எங்கே, தங்கச்சி என்று கேட்டார். கையில் அந்தத் தபால் கந்தோர்ச் சீட்டு.

“தித கெடிலா,” என்றேன். புள்ளி உடைந்துவிட்டது. என் சிங்களத்தில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவர் கல்லை நிறுத்திவிட்டுச் சிரித்தார். லென்ஸ் உடையும், பிரேம் உடையும், புள்ளி உடைந்து இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன் என்றார். பிறகு வேலைக்குத் திரும்பினார். அடுத்த சீட்டு பழைய முறையில் கையால் எழுதிய சீட்டு. வேறொரு கடையிலிருந்து வந்தது. அதைப் பார்த்து உள்ளே நின்ற ஆளுக்குக் குரல் கொடுத்தார்: “மைனஸ் டூ ஃபிஃப்டி!” அடுத்தது: “பிளஸ் வன் டுவென்டி ஃபைவ்!”

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பதினைந்து சீட்டு, இருபது சீட்டு. ஒருமுறை கூட அவர் பாயின்ட் என்று சொல்லவில்லை. அந்தத் தொழிலில் யாரும் சொல்வதில்லை. எழுதுகிறவர்கள் புள்ளிக்குப் பிறகு எப்போதும் இரண்டு இலக்கம் போடுவார்கள். அதனால் வாசிக்கிறவர்களுக்குப் புள்ளி தேவையே இல்லை. கடைசி இரண்டு இலக்கமும் எப்போதும் பின்னம், அவ்வளவுதான். 2.5 என்று அரைகுறையாக எழுதி, அந்த ஒழுங்கை உடைத்தவள் நான். ஊசி செத்தது எண்ணெய் வார்த்த கதைதான். நெருப்பு என்னுடையது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என்ன செய்யவேண்டும் என்று தெரிந்துவிட்டது. புள்ளியைத் திருத்த வேண்டியதில்லை. புள்ளி இல்லாமலும் நிற்கிற எண் வேண்டும்.

புதன்கிழமை முழுக்கத் தோற்றேன். கற்றுக்குட்டிகள் எல்லாரும் செய்கிறதை நானும் செய்தேன். தோற்றத்தைச் சரிசெய்வதற்காக எண்ணைப் போட்டுப் பிசைந்தேன். நூறால் பெருக்கினேன், முழு எண்ணாக்கினேன், நூறால் பிரித்தேன். எத்தனை முறை குளிப்பாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினாலும் இரண்டரை 2.5 என்றே நின்றது. பூச்சியம் என்பது எண்ணுக்குள் இருக்கிற பொருள் இல்லை என்பது எனக்கு உறைக்க மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு எண்ணை எழுத்தாக மாற்றி, வாலில் ஒரு பூச்சியத்தை ஒட்டினேன். 2.5 அழகாக 2.50 ஆயிற்று. துள்ளினேன். வாடிக்கையாளர்களின் எண்களை எழுதிவைத்த கார்டுகளில் அடுத்ததில் மைனஸ் ஒன்று இருந்தது. அது மைனஸ் பத்து என்று அச்சாகி வந்தது.

அந்தத் தாளைக் கசக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். ஒருவருடைய முகத்தில் அது ஏறியிருந்தால்?

“என்னம்மா, அமைதியாயிட்ட?” என்று முதலாளி கேட்டார்.

“ஒண்டுமில்லை. ஒராளைக் குருடாக்கப் பாத்தன்.”

“நம்ம கடையில அது எதிர்மாறா நடக்கணும்,” என்றுவிட்டு அவர் பிரேம் துடைக்கப் போனார்.

வியாழக்கிழமை மெஷினோடு வந்த கையேட்டைத் தேடினேன். மேசை மின்விசிறி ஆடாமலிருக்க அதன் கீழே முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், ஒவ்வொன்றையும் சவர அலகால் பிரிக்க வேண்டியிருந்தது. ஆங்கில அகர வரிசையில் கட்டளைகள். பிரிண்ட் என்ற கட்டளை எனக்குத் தெரியும் என்று நினைத்து அந்தப் பக்கத்தை வகுப்பிலும் தாண்டி வந்தவள் நான். அதற்கு அடுத்த தாளில் பிரிண்ட் யூசிங் என்று ஒன்று இருந்தது. எண்ணைத் தொடாதே, எண் உட்காரும் இருக்கையை வரைந்து கொடு என்கிற கட்டளை. புள்ளிக்கு முன்னால் எத்தனை கட்டம், பின்னால் எத்தனை கட்டம், குறி வேண்டுமா வேண்டாமா. கட்டங்களை வேலிக் குறியால் வரைய வேண்டும். நான் வரைந்தேன்: +#.##

கிர்ர்ரிக். தாள் நகர்ந்தது. -0 50. புள்ளி விழவில்லைதான். ஆனால் பூச்சியம் முன்னால் வந்து நின்றது. பின்னால் இரண்டு இலக்கம். மைனஸ் ஒன்று -1 00 என்று வந்தது. எட்டப்பார்வைக்காரருக்கு, அதுவரை வெறும் வெளியாக இருந்த இடத்தில், பிளஸ் குறி. நான் சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை. மூக்கு ஒழுகியது நினைவிருக்கிறது.

இதோடு மருதானைக்கு ஓடிப்போயிருக்கலாம். ஆனால் மைனஸ் பத்து இன்னும் கண்ணுக்குள் நின்றது. இனி நல்ல எண்களை மட்டும் கொடுத்துப் பார்த்து ஏமாறமாட்டேன் என்று மேசை லாச்சியிலிருந்த பழைய கார்டுகளை அள்ளியெடுத்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். நூறைத் தாண்டியிருக்கும். ஒரு கார்டு பக்கத்துத் தெரு அச்சகத்தில் எழுத்துக் கோத்த ஒருவருடையது. மைனஸ் பன்னிரண்டரை. அதைக் கொடுத்ததும் எண்ணுக்கு முன்னால் சதவீதக் குறி ஒன்று முளைத்து, அந்த வரி முழுவதும் வலப்பக்கம் தள்ளுண்டு போயிற்று. இருக்கை காணாமல் எண் நின்றுகொண்டு கத்துகிறது. முன்னால் இன்னொரு கட்டம் வரைந்தேன்: +##.## பன்னிரண்டரை உட்கார்ந்தார். அரையும் அதே நிரையில் உட்கார்ந்தது. அந்த அச்சகத்துக்காரரை நான் ஒருபோதும் சந்திக்கவில்லை. அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை முப்பது பேரின் எண்களை ஒரே தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு மருதானைக்குப் புறப்பட்டேன். பாலத்தடியில் சிப்பாய்கள் சோதனைக்காகப் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை, பதிவுத்தாள், பை. பைக்குள் அந்தத் தாள்.

“மொனவத மே?” என்ன இது என்று சிப்பாய் கேட்டான்.

கூட்டலும் கழித்தலும் போட்ட முப்பது வரி எண்கள். ஒரு பெயர் இல்லை, ஒரு சொல் இல்லை. வடக்கிலிருந்து வந்த ஒரு பெட்டையின் பையில். நேர்த்தியாக அடுக்கியது நான்தான். அந்த நேர்த்திதான் இப்போது சந்தேகமாக இருந்தது.

“எஸ் கண்ணாடி, மாத்தயா. லென்ஸ் இலக்கம்.” மூக்குக்கண்ணாடி எண்கள் ஐயா, என்றேன்.

அவன் தாளைத் திருப்பினான், வெளிச்சத்தில் பிடித்தான், மற்றவனிடம் காட்டினான். என்னை ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு என்னைப் போகச் சொன்னான். தாளைத் தரவில்லை.

மருதானைக்குப் போய் என்ன செய்ய? வீதியைக் கடந்து எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்துத் திரும்பக் கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பிளேன்டீ எடுப்பித்துத் தந்தார். மறுபடி முப்பது கார்டு, மறுபடி கிர்ர்ரிக். இந்த முறை மேலே கடையின் முத்திரையைக் குத்தினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் வலது கண், இடது கண் என்று ஆங்கிலத்தில் அச்சாகும்படி புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தேன். மனிதர்களின் கண்கள் என்று தெரியட்டும்.

பாலத்தடியில் அதே சிப்பாய்.

“ஆயெத் ஆவத?” திரும்பவும் வந்துவிட்டாயா என்றான்.

“ஆவா,” என்றேன். வந்துவிட்டேன். நானே தாளை எடுத்து நீட்டினேன்.

வாசித்தான். முத்திரையைப் பார்த்தான். கண்ணில் விரலை வைத்து, இதுவா என்று சைகையில் கேட்டான். தலையாட்டினேன். போகும்படி கையை அசைத்தான்.

பட்டறையில் பாஸ் தாளை வாங்கி வாசிக்கவில்லை. வழக்கம்போலத் தொட்டி விளிம்பில் ஒட்டினார். கல்லைச் சுழலவிட்டு அரைமணித்தியாலம் தன் வேலையைச் செய்தார். தாளில் சேறு மழையாகத் தெறித்தது. நான் கூடவே கொண்டுவந்த கார்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். கடை மூட ஒன்றரை மணித்தியாலம். பிறகு கையைத் துடைத்துவிட்டு எட்டி நின்று, உள்ளே நின்ற ஆளுக்குக் கத்துகிற அதே குரலில் வாசிக்கத் தொடங்கினார். மைனஸ் சீரோ ஃபிஃப்டி. பிளஸ் வன் டுவென்டி ஃபைவ். நான் ஒவ்வொரு கார்டாகப் புரட்டினேன். மைனஸ் டுவெல்வ் ஃபிஃப்டி என்ற இடத்தில் நிறுத்தி, “மே கவுத?” என்று கேட்டார். யார் இந்த ஆள் என்று உண்மையாகவே கவலைப்பட்டார். முப்பதும் முடிந்தது. ஒன்றிலும் பிழையில்லை.

“தித ஹதுவத?” புள்ளியைத் திருத்திவிட்டாயா என்றார்.

“நே. தித நெத்துவத் புளுவன்.” இல்லை, புள்ளி இல்லாமலும் முடியும்.

அவர் தாளைக் குனிந்து பார்த்தார். எல்லாப் புள்ளிகளும் சேறு என்று கண்டதும் தோளைக் குலுக்கிச் சிரித்தார். பென்சிலைத் தேடி, தாளின் பின்பக்கத்தில் ஹரி, அதாவது சரி, என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார். ஈரக் கைரேகையும் இலவசமாக விழுந்தது.

கடையின் ஒரு பலகைக் கதவு மூடியிருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். முதலாளி தாளைத் திருப்பி ‘ஹரி’யைப் பார்த்தார். பிறகு முன்பக்கத்தைத் திருப்பி மேலிருந்து கீழ்வரைக்கும் விரலை ஓட்டினார். லாச்சியைத் திறந்து, டைப் செய்து வைத்த கடிதத்தை எடுத்து, பேனாவை இரண்டு முறை உதறிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை காய ஊதிவிட்டுத் தந்தார்.

நான் நின்றபடியே வாசித்தேன். பெயர் சரி. விலாசம் சரி. கொம்பியூட்டர் ஒப்பரேட்டர் என்று போட்டிருந்தார். பிறகு ஒரு வரியில் நின்றுவிட்டேன்.

“முதலாளி, இவரை மூண்டு வருஷமா எனக்குத் தெரியும் எண்டு எழுதியிருக்கிறீங்கள். மூண்டு மாசம்தானே.”

“மூணு மாசம்னு எழுதினா போலீஸ் ஸ்டேஷன்ல எவன் மதிப்பான்? மடிச்சு உள்ள வை, பஸ் போயிரும். திங்கக்கிழம எட்டரைக்கு வந்திரு.”

“எட்டு மணிக்கே வாறன்.”